ஓடி முடித்த கால்கள்

திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோர் 14 கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலோடு நடக்கின்றனர். நடந்து முடித்தவர் ஏதேனும் ஒரு திண்ணையில் அமர்ந்து, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டபடியே, கால் கடுக்கிறது என்று அருகிலிருப்பவரிடம் சொல்லிவிடலாம். சொல்ல வாய் இருக்கிறது. கேட்க ஆள் இருக்கிறது. அதே ஊரில் கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருகின்றன. வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பார்; காலைத் தடவிப் பார்ப்பார்; பிறகு ஓட்டிக் காட்டச் சொல்வார். பேரம் படிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஓடிய கால்களுக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்று நின்று பார்ப்பவர் சிலரே. அந்தச் சிறிது நேரத்தைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

குதிரையின் கால் வியப்புக்குரியது. முழங்காலுக்குக் கீழே அதில் தசை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. எலும்பும், அதனை ஒட்டி ஓடும் நீண்ட தசைநாண்களும், தோலும், குளம்புமே உள்ளன. பாய்ந்தோடும்போது, ஒரு நொடியின் சிறு கூறளவு நேரம், உடல் எடையின் இரண்டரை மடங்குச் சுமையை ஒற்றை முன்னங்கால் தாங்குகிறது. தசைநாண் வில்லின் நாணைப்போல் நீண்டு, மீண்டும் சுருங்குகிறது. அவ்வாறு நீண்டு சுருங்குகையில் அதன் நடுப்பகுதியில் வெப்பம் மிகுந்து, 45 பாகை செல்சியசு வரை ஏறுவதாக அளந்திருக்கிறார்கள். தசையைப்போல் அங்கு இரத்தம் தாராளமாகப் பாய்வதில்லை. ஆகவே சூடு எளிதில் தணிவதில்லை. அறுந்த இழைகள் ஆறுவதற்கும் மாதக்கணக்காகும். ஆறினாலும் அவ்விடம் தழும்பேறி, பழைய நெகிழ்வை இழந்துவிடும்.

எனவே தொழில் தெரிந்த குதிரைக்காரர் ஓட்டம் முடிந்தவுடன் குதிரையை அப்படியே கட்டிவிட மாட்டார். மூச்சு தணியும்வரை பையப்பைய நடத்துவார். சேணத்தை இறக்கியபின் குளம்பிலிருந்து முழங்கால்வரை குளிர்ந்த நீரைக் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றுவார். குளம்பின் அடியில் சிக்கிய கல்லை நீக்கி, லாடம் அசைகிறதா என்று பார்ப்பார். சிலர் களிமண் பற்றுப் போடுவதுண்டு. சிலர் துணிக்கட்டுக் கட்டுவதுண்டு. அந்தக் கட்டும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகினால் காக்க வந்த துணியே தசைநாணைக் கெடுத்துவிடும். ஓடிச் சூடேறிய குதிரையின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது என்றொரு பழைய நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் இருந்தது. 1996ஆம் ஆண்டின் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிக்கு முன் நடந்த ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை என்று காட்டின.

இவற்றுக்கெல்லாம் மேலானது கையால் தொட்டுப் பார்ப்பது. இடக்காலைத் தடவியபின் வலக்காலையும் தடவ வேண்டும். ஒன்றில் மட்டும் சூடு தெரிந்தால், அல்லது விரலளவு வீக்கம் தென்பட்டால், அங்கே ஏதோ நேர்ந்திருக்கிறது. குதிரை பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த இனம். நொண்டுவதை வெளிக்காட்டினால் உயிருக்கே ஆபத்து என்ற இயல்பு அதனிடம் இன்றும் இருக்கிறது. ஆகவே பெரிதாகும்வரை வலியை மறைத்துக்கொள்ளும். அது சொல்லாததைக் கைதான் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்காக? குதிரை விலையுயர்ந்த உடைமை, உடைமையைப் பேணுவது அறிவுடைமை என்று கூறலாம். பிழையான விடை அன்று. ஆனால் அது குறிப்பிட்ட எல்லைவரைதான் நம்மை நடத்திச் செல்லும். நாளைக் காலை வேறொருவருக்குக் கைமாறப்போகும் குதிரையின் கால்களுக்கு இன்றிரவு நீர் ஊற்றுவது யாருக்கு இலாபம்? உடைமைக் கணக்கில் இக்கேள்விக்கு விடை கிடையாது.

இலாபக் கணக்கு தனித்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. திருவெம்பாவை திருவண்ணாமலையில் பாடப்பட்டது என்பர். அதனைப் பாடிய மாணிக்கவாசகர், குதிரை வாங்கி வருமாறு பாண்டியனால் பொன்னோடு அனுப்பப்பட்ட அமைச்சர் என்பது மரபு. அந்த அளவுக்குத் தமிழ் வேந்தர்கள் கடல்கடந்து வரும் குதிரைகளை நம்பியிருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர் ஒருவர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். எண்ணில் மிகை இருக்கலாம். வெப்பமும் ஒவ்வாத தீவனமும் பாதி காரணமாகவும் இருக்கலாம். என்னைத் திடுக்கிட வைப்பது அவர் தரும் மற்றொரு செய்தி. குதிரைகளுக்கு இலாடம் கட்டி மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை. கொண்டுவந்து விற்ற வணிகரோ அத்தகையோரைத் தம்மோடு அழைத்து வராததோடு, பிறர் வருவதையும் தடுத்தனராம். குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! கால்களைக் காக்கும் அறிவு கப்பலில் ஏறாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இக்காலத்தில் வேறொரு வகை உண்டு. வலியடக்கும் மருந்தைக் கொடுத்து, நொண்டும் குதிரையை நொண்டாமல் நடக்கச் செய்து விற்றுவிடலாம், ஓடவும் விடலாம். குளிர்நீருக்கும் மரத்துப்போகச் செய்யும் ஆற்றல் உண்டு. ஓடியபின் ஊற்றினால் அது பரிவு. நோயுற்ற காலை ஓட்டத்துக்கு முன் மரக்கச் செய்வதற்காக ஊற்றினால், குதிரைக்கு இருக்கும் ஒரே மொழியையும் பறிப்பதாகும். நீர் ஒன்றே, காலும் ஒன்றே.

மெய்யியலார் இதை எவ்வாறு கண்டனர்? விலங்குகளிடம் கொடுமை காட்டுபவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பது தாமஸ் அக்குவினாசின் கருத்து. இம்மானுவேல் காண்ட் 1797இல் வெளியிட்ட அறநூலில், நெடுங்காலம் உழைத்த குதிரைக்கும் நாய்க்கும் நன்றி காட்டுவது கடமையே என்று ஒப்புகிறார். ஆனால் நேராகப் பார்த்தால் அது மனிதன் தனக்கே ஆற்றும் கடமை என்கிறார். எனக்கு இது நிறைவளிக்கவில்லை. என் உள்ளம் கனிய வேண்டும் என்பதற்காகவே நீர் ஊற்றுகிறேன் என்றால், குதிரை என் ஆன்மாவுக்கான உடற்பயிற்சிக் கருவி ஆகிவிடுகிறது. சூடு என்னிடத்தில் இல்லை; அதன் காலில் இருக்கிறது. உழைப்பு அதனுடையது, பயன் என்னுடையது எனில், இடையில் ஒரு கடன் நிற்கிறது. அது ஒப்பந்தம் செய்யவில்லையே எனலாம். கேட்டுப் பெற முடியாதவரிடம் பட்ட கடன், கேட்பாரில்லை என்பதனால் குறைந்துவிடுமா? 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், 2416ஆம் பத்தியில், விலங்குகளுக்குக் கனிவு காட்ட நாம் கடன்பட்டிருப்பதாகவே சொல்கிறது.

உரோமைப் பெருமகன் கேட்டோ, போர்களில் தம்மைச் சுமந்த குதிரையை ஸ்பெயின் நாட்டிலேயே விட்டுவந்தார். கப்பல் செலவு அரசுக்கு ஏற்படலாகாது என்பது காரணம். சிக்கனம் என்று அதைப் பாராட்டியோர் உண்டு. அவர் வரலாற்றை எழுதிய புளூட்டார்க், இது பெருந்தன்மையா சிறுமையா என்பதை வாசகரின் தீர்ப்புக்கே விட்டார். ஆயினும் தம் மனம் எப்பக்கம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஏதென்சு நகரத்தார் கோவில் கட்டக் கல் சுமந்த கோவேறு கழுதைகளை விடுவித்து மேயவிட்ட செய்தியையும் அங்கேயே எழுதுகிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். குதிரையின் காலருகே குந்தியிருப்பவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்லர், கூலிக்கு அமர்ந்தவர். குதிரையோடு அவரும் நாள் முழுதும் ஓடியிருப்பார். இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் வரும் ஓய்வுநாள் கட்டளை, எருதையும் கழுதையையும் வேலையாளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. குதிரைக்குத் தீவனம் வாங்கப் பணம் ஒதுக்கும் உரிமையாளர் அவருக்குச் செருப்பு வாங்கித் தந்தாரா என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

தசைநாண் நோவு பல வேளைகளில் அன்றிரவு தெரிவதில்லை. ஆகவே விடிந்ததும், கொள்ளும் புல்லும் வைப்பதற்கு முன்பே, அவர் மறுபடியும் குனிந்து இடக்காலைத் தொடுகிறார், பிறகு வலக்காலை. அதன்பின் கயிற்றை அவிழ்த்து, பத்து அடி நடத்திப் பார்க்கிறார்.