அறுவடை நாளின் ஹக்கு

(சொறிக்கல்முனை வயல்களை அண்டிய பள்ளிவாசலொன்றில், பெரும்போக அறுவடை தொடங்கும் வேளையில் நிகழ்த்திய பயானின் எழுத்து வடிவம்)





சூரத்துல் கலமிலே அல்லாஹ் ஒரு தோட்டத்துக்காரரின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறான். தகப்பன் நல்ல மனிதர். பழம் பறிக்கும் நாளில் ஏழைகளுக்கு வாசலைத் திறந்து வைத்தவர் என்று முபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். அவர் மௌத்தான பிறகு பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். அதிகாலையிலேயே அறுத்து முடித்துவிட வேண்டும், ஒரு மிஸ்கீனும் உள்ளே வரக்கூடாது என்று சத்தியம் செய்தார்கள். இன்ஷா அல்லாஹ் என்றுகூடச் சொல்லவில்லை. யாருக்கும் கேட்காமல் மெதுவாகக் கதைத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனார்கள். போய்ப் பார்த்தால் இரவோடு இரவாக எல்லாம் கருகிக் கிடந்தது. முதலில் வழி தவறி வந்துவிட்டோமோ என்று நினைத்தார்கள். பிறகுதான் அது தங்களுடைய தோட்டம் என்று விளங்கியது.

இந்தச் சம்பவத்தை நான் இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கிட்டங்கி கடந்து இந்தப் பக்கம் வந்து பாருங்கள். கல்முனைக்குடியிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் வந்து செய்கை பண்ணுகிற வட்டைகளெல்லாம் பழுத்து நிற்கின்றன. இன்னும் சில நாட்களில் வெட்டு மெசின் இறங்கும். நம்முடைய மூத்தாப்பாமார் காலத்தில் கதிரை அறுத்து, சூடு வைத்து, களவெட்டியிலே மாடு கட்டிச் சூடடிக்கப் பல நாள் ஆகும். அத்தனை நாளும் ஏழை அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சுன்னத்து வைக்கும் ஒஸ்தா வருவார், பக்கீர் பாவா வருவார், சிந்திய கதிரைப் பொறுக்கப் பெண்கள் வருவார்கள். பொலி எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். இன்றைக்கு மெசின் காலையில் இறங்கினால் லுஹருக்கு முன் வயல் வெறும் தாள். வரம்போரத்தில் வியாபாரியின் லொறி நிற்கிறது. ஈர நெல் அப்படியே லொறியில் ஏறுகிறது, காசு உரக்கடைக்கும் மெசின்காரருக்கும் போகிறது. அந்தப் பிள்ளைகள் சத்தியம் செய்து திட்டம் போட்டார்கள். நம்மிடம் அந்தக் கெட்ட எண்ணம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அறுவடையை ஏழை பார்ப்பதற்கு முன்னமே முடித்துவிடுகிறோமே, அந்த விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஸகாத் என்றவுடனே நமக்கு நோன்பு மாதம்தான் ஞாபகம் வருகிறது. வியாபாரத்துக்கும் கையிருப்புக்கும் ஒரு வருடம் பூர்த்தியாக வேண்டும் என்பது சரி. நெல்லுக்கு அந்தச் சட்டம் கிடையாது. சூரத்துல் அன்ஆமின் 141ஆவது ஆயத்தில், விளைச்சலின் ஹக்கை, அதாவது அதில் சேர வேண்டிய உரிமையை, அதை அறுக்கும் நாளிலேயே கொடுத்துவிடும்படி அல்லாஹ் ஏவுகிறான். பெரும்போகத்துக்கு ஒரு ஸகாத், சிறுபோகத்துக்கு இன்னொரு ஸகாத். சிறுபோகத்தில் அறுத்த நெல்லுக்குரியதை ரமழானில் வரிசையில் நிற்பவர்களுக்குக் காசாகப் பிரித்துக் கொடுத்து, கடமை முடிந்தது என்று இருக்கிறோம். ஏழையின் ஹக்கு அத்தனை மாதம் யாருடைய கையில் இருந்தது?

அளவைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். தானியத்தின் நிஸாப், அதாவது ஸகாத் கடமையாகும் ஆகக் குறைந்த அளவு, ஐந்து வஸக். அது 300 ஸாஉ. உமியோடு சேமிக்கிற நெல்லுக்கு அதில் இரட்டிப்பு, பத்து வஸக் என்று நம்முடைய ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி ரஹிமஹுல்லாஹ் மின்ஹாஜ் என்ற நூலிலே எழுதியிருக்கிறார்கள். இன்றைய நிறையில் ஏறத்தாழ 1,300 கிலோ நெல். இமாம் அபூ ஹனீபா ரஹிமஹுல்லாஹ்விடம் நிஸாபே இல்லை, விளைந்தது கொஞ்சமானாலும் கொடுக்க வேண்டும். நல்ல போகத்தில் ஒரு ஏக்கரே 1,300 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே இது போடியார்மாருக்கு மட்டும் வந்த கடமை என்று ஒரு ஏக்கர்காரர் நினைத்துவிட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். வானமும் ஊற்றும் நீர் தந்தால் பத்தில் ஒன்று. மனிதன் இறைத்து ஊற்றினால் இருபதில் ஒன்று. இது ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வகுத்தது, புகாரியில் பதிவாகியுள்ளது. நம்முடைய வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியாக வருகிறது. வாய்க்கால் தண்ணீருக்கு மழைத் தண்ணீரின் சட்டம்தான் என்று அதே மின்ஹாஜ் சொல்கிறது. வாய்க்காலை வெட்டியது இன்னொருவர், மழையை இறக்கியது அல்லாஹ். நாம் மடையைத் திறந்தோம், அவ்வளவுதான். மூன்று ஏக்கரில் 5,000 கிலோ கண்டவருக்கு வாய்க்கால் பாய்ச்சலென்றால் 500 கிலோ. முழுக்க மெசின் போட்டு இறைத்தவருக்கு 250 கிலோ. இரண்டும் சரிபாதி என்றால் 375 கிலோ. பம்புக்கு எண்ணெய் ஊற்றியவனின் கஷ்டத்தை மார்க்கம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது, பாருங்கள்!

செலவைக் கழிக்கலாமா என்று கேட்பீர்கள். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியபோது நாம் பட்டபாட்டை அல்லாஹ் அறிவான். அதற்குப் பிறகு உர விலை எங்கே போனது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஷாபிஈ மத்ஹபில் அறுவடைச் செலவும் காயவைக்கும் செலவும் வயல்காரரின் பொறுப்பு, ஸகாத்திலிருந்து கழிக்க முடியாது. இப்னு அப்பாஸ், இப்னு உமர் ரழியல்லாஹு அன்ஹும் ஆகியோரிடமிருந்து, பயிருக்காகப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டு மீதிக்குக் கொடுக்கலாம் என்ற கருத்தும் வந்திருக்கிறது. கடனில் மூழ்கியவர் தன்னுடைய கணக்கை ஒரு ஆலிமிடம் கொண்டு போய்க் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யட்டும். அபிப்பிராய பேதத்தைக் கேள்விப்பட்டு ஒன்றுமே கொடுக்காமல் இருக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை. 2024 நவம்பர் வெள்ளம்போல, அறுவடைக்கு முன்னமே பயிர் அழிந்து நிஸாபுக்குக் குறைந்தால் கடமை இல்லை. குத்தகைக்குச் செய்தால், பயிர் யாருடையதோ அவர்தான் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பான்மையான இமாம்களின் முடிவு. அபூ ஹனீபா இமாம் நிலக்காரர் மீது சுமத்துகிறார்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். தராவீஹ் எட்டா இருபதா, மௌலிது ஓதலாமா கூடாதா, பிறை உள்ளூரிலா சர்வதேசத்திலா என்று நம்முடைய ஊர்களில் எத்தனை வருடம் சண்டை பிடித்தோம். தரீக்காக்காரர் ஒரு பக்கம், தப்லீக் ஒரு பக்கம், தௌஹீத் ஒரு பக்கம், ஜமாஅத்தே இஸ்லாமி ஒரு பக்கம். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற அண்ணன் தம்பி ஸலாம் சொல்லாமல் போன காலமும் உண்டு. நெல் ஸகாத் கடமை என்பதில் இந்த நான்கு பேருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. ஒற்றுமைப்பட்ட விஷயத்தைக் கைவிட்டுவிட்டு வேறுபட்ட விஷயத்துக்காகவே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். எனக்கு இது மிகவும் வேதனையான விஷயம்.

இனி, யாருக்குக் கொடுப்பது? பள்ளிவாசலுக்கும் ஒஸ்தாவுக்கும் களவெட்டியில் அள்ளிக் கொடுத்தது ஊர் வழக்கம், கூலியும் அன்பளிப்புமாகக் கொடுத்தது. ஸகாத் சூரத்துத் தவ்பாவின் 60ஆவது ஆயத் எண்ணிச் சொன்ன எட்டு வகையினருக்கு மட்டும்தான். பல ஊர்களில் ஸகாத்தைச் சேர்த்துப் பங்கிடும் பைத்துஸ் ஸகாத் இருக்கிறது. அங்கே ஒப்படைத்தால் கடன்பட்டவரைத் தேடி, விதவையைத் தேடி அவர்கள் போவார்கள். ஷாபிஈ மத்ஹபில் நெல்லாகவே கொடுக்க வேண்டும், பெறுமதியைக் காசாகக் கொடுக்க ஹனபி மத்ஹபில் இடமுண்டு. எதுவானாலும் லொறி ஏறுவதற்கு முன் ஸகாத்தின் பங்கை வேறாக்கி வையுங்கள். தானியம் முற்றிய நேரத்திலிருந்து ஏழை உங்களுடைய பங்காளி. முழுவதையும் விற்றால் பங்காளியின் நெல்லையும் சேர்த்துத்தான் விற்கிறீர்கள்.

சொறிக்கல்முனைத் திருச்சிலுவைக் கோயிலடியில் குடியிருக்கும் தமிழ்ச் சகோதரர்கள் நம்முடைய வயல்களுக்கு அயலவர்கள். 1990 வன்செயல்களுக்குப் பிறகு நம்மவர்கள் இந்த வயல்களுக்கு வரப் பயந்த காலமும், அவர்கள் நம்முடைய ஊர்ப் பக்கம் வரப் பயந்த காலமும் இருந்தன. கடமையான ஸகாத்தை முஸ்லிம் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. ஸதகாவுக்கு அந்த எல்லை இல்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து வீட்டு யூதருக்கு இறைச்சி கொடுத்தீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உங்கள் வயலில் கூலிக்கு நின்ற அயலவரின் பிள்ளை பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் இருந்தால், ஸகாத் போக மீதியிலிருந்து ஒரு மூடையை அவருடைய வீட்டில் இறக்குங்கள்.

கடைசியாக, சென்ற வருடங்களில் கொடுக்காமல் விட்டவர்கள். அது தௌபாவால் மட்டும் அழியாது, உங்கள் கழுத்தில் கிடக்கிற கடன். எத்தனை போகம், எத்தனை மூடை என்று குறைந்தது ஒரு மதிப்பீட்டையாவது எழுதி, முடிந்த அளவில் தீர்க்கத் தொடங்குங்கள். வாப்பா கொடுக்காமல் மௌத்தாகியிருந்தால், வஸிய்யத்துக்கும் பங்கு பிரிப்புக்கும் முன் அவருடைய சொத்திலிருந்து அதை எடுக்க வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். வயலைப் பங்குபோட உட்காரும் பிள்ளைகள், உறுதியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தக் கணக்கை எடுங்கள்.