தீயெறும்பும் தீராத கடனும்

ஹவாயின் பெரிய தீவில் குடியிருப்பவர்களிடம் ஹீலோ நகரிலுள்ள எறும்பு ஆய்வகம் கேட்டுக்கொள்வது சின்ன வேலைதான். ஒரு குச்சியின் நுனியில் வேர்க்கடலை வெண்ணெயை மெல்லிசாகத் தடவ வேண்டும். மரத்தடி, பூந்தொட்டி, குழாயடி என்று தோட்டம் முழுக்க அப்படிக் குச்சிகளை வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஓர் இரவு ஃப்ரீசரில் வைக்க வேண்டும். பிறகு அனுப்பினால், வந்தது எந்த எறும்பு என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஃப்ரீசரில் வைப்பது எறும்பைக் கொல்வதற்கு. குற்றவாளி யாரென்று தெரிவதற்கு முன்பே தண்டனை நிறைவேறிவிடுகிறது. எறும்புக்கும் உயிர் ஒன்றுதான் என்று கேட்டு வளர்ந்தவருக்கு அந்த இடத்தில் கை கொஞ்சம் தயங்கும். தயங்குவதில் தப்பில்லை.

தேடப்படுவது சிறு தீயெறும்பு. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர், வெளிறிய ஆரஞ்சு நிறம், மந்தமான நடை. மத்திய, தென் அமெரிக்காதான் தாயகம். ஹவாயில் 1999-இல் பூனா வட்டாரத்தில் முதலில் தென்பட்டது. செடிகளோடும் தொட்டி மண்ணோடும் மற்ற இடங்களுக்குப் பரவியது. தரையில் மட்டுமல்ல, மரத்திலும் குடியேறும். கிளை அசைந்தால் உதிர்ந்து, கீழே நிற்பவரின் சட்டைக்குள் விழும். கொட்டிய இடம் நாள்கணக்கில் தடித்து அரிக்கும். இது பரவிய இடங்களில் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் கருவிழியில் வெண்மை படர்ந்து பார்வை மங்குவதுண்டு. செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியையும் அசுவினியையும், அவை சுரக்கும் இனிப்புக்காக இந்த எறும்பு காவல் காத்து வளர்ப்பதால் தோட்டமும் கெடுகிறது.

இயற்கையில் தலையிடாமல் விட்டுவிடலாமே என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் ஹவாய்த் தீவுகளுக்கென்று சொந்த எறும்பே கிடையாது என்பதுதான் அறிவியலாளர்களின் முடிவு. இன்று அங்கே ஊரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட எறும்பினங்கள் எல்லாம் மனிதரின் சாமான்களோடு வந்து இறங்கியவை. எறும்பே இல்லாத உலகில் உருவான அந்தத் தீவுகளின் பூச்சிகளுக்கு எறும்பிடமிருந்து தப்பிக்கத் தெரியாது. மனிதர் கப்பலில் ஏற்றி வந்ததை இயற்கையின் பெயரில் எழுதிவைப்பது பொய்க்கணக்கு.

தத்துவச் சிக்கல் வேலியில் தொடங்குகிறது. இந்த எறும்புக்குக் கூட்டுக்குக் கூடு பகை கிடையாது. ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். பக்கத்துக் கூட்டோடு சண்டையில்லாமல் கலந்து, ஒரு தெருவே ஒரே குடும்பமாகிவிடும். ஆகவே ஒரு வீட்டுக்காரர் முழுமூச்சாக மருந்து வைத்து, அடுத்த வீட்டுக்காரர் வைக்காமல் விட்டால், எறும்பு திரும்பி வரும். அந்த அடுத்த வீட்டுக்காரர் சோம்பேறியாக இல்லாமல், கொல்லாமையை விரதமாகக் கொண்டவராக இருந்தால்? அவர் கையால் ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் அவர் தோட்டத்திலிருந்து போன எறும்பு பக்கத்து வீட்டு நாயின் கண்ணைக் கெடுக்கிறது. அதைத் தடுக்க அந்த வீட்டுக்காரர் வருஷா வருஷம் லட்சக்கணக்கில் எறும்புகளைக் கொல்கிறார். இந்தப் பாவம் யார் பெயரில் பதிவாகும்?

கேள்வி அந்தத் தீவுகளுக்கு அந்நியமானதல்ல. ஜப்பானியக் குடியேறிகள் கட்டிய பௌத்தக் கோயில்கள் ஹவாயெங்கும் உண்டு. கவாய் தீவில் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீட மரபில் வந்த சைவ ஆதீனம் இருக்கிறது. அங்கே கருங்கல்லில் எழுப்பிய இறைவன் கோயிலுக்கு 2023-இல் குடமுழுக்கு நடந்தது. பௌத்த பிக்குவுக்குத் துறவேற்பின்போது சொல்லப்படும் விலக்குகளில், ஓர் எறும்பின் உயிரைக்கூட வேண்டுமென்றே போக்கலாகாது என்பதும் ஒன்று.

தமிழ் மரபிலும் எறும்புக்கு அந்தஸ்து குறைவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் அதை மூவறிவு உயிர்களின் வரிசையில் வைக்கிறது; சமணமும் எறும்பை மூன்று புலனுள்ள உயிர் என்றே சொல்கிறது. அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்குத் தீனி என்று பாட்டிமார் சொல்வார்கள். அதே பாட்டி, பிள்ளையார் எறும்பை விட்டுவிட்டுச் சுள்ளெறும்பைக் காலால் தேய்ப்பதும் உண்டு. நடைமுறை நூலைவிட எப்போதும் கொஞ்சம் முன்னால்தான் போகும்.

சமணம் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. துறவிக்கு ஒரு விதி, இல்லறத்தாருக்கு வேறு விதி. இல்லறத்தார் செய்யும் இம்சையை நான்காகப் பிரித்தார்கள்: திட்டமிட்டுச் செய்வது, சமையல் முதலான வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதைத்தான் இல்லறத்தார் அறவே விட வேண்டும். மற்றவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தெளிவான பிரிவினைதான். ஆனால் நாள்காட்டியில் குறித்துவைத்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தோட்டத்து மரங்களுக்கெல்லாம் மருந்து பீய்ச்சுவது இதில் எதில் சேரும்? நோக்கம் தற்காப்பு, செயலோ முழுக்க முழுக்கத் திட்டமிட்டது.

காந்தி இப்படியொரு இடத்தில் மாட்டிக்கொண்டார். 1926-இல் அகமதாபாத்தின் மில் முதலாளி ஒருவர் தன் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது தெருநாய்களைக் கொல்ல வைத்தபோது, காந்தி அதை ஆதரித்தார். கோபக் கடிதங்கள் குவிந்தன. அவர் தன் பத்திரிகையில் வாரக்கணக்கில் பதில் எழுதினார். பொறுப்பேற்று வளர்க்காமல், தெருவில் சோறு போட்டுவிட்டுப் புண்ணியம் சேர்ந்ததாக நினைத்துக்கொள்வதை அவர் அகிம்சையாக ஏற்கவில்லை. வாதம் வலுவானது. ஆனாலும் ஒரு ஆபத்து உண்டு: நியாயம் கிடைத்துவிட்டால் கொன்றவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

அந்த நிம்மதியைத் தராத பழைய சிந்தனை ஒன்று தர்மசாஸ்திரங்களில் இருக்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் என்று வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருக்கின்றன, குடும்பஸ்தன் தினமும் இவற்றால் உயிர்களைக் கொல்கிறான் என்கிறது மனுஸ்மிருதி. அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. துடைப்பத்தைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. தினமும் ஐந்து வேள்விகளால் ஈடுகட்டு என்கிறது. அவற்றில் ஒன்று, பிற உயிர்களுக்குச் சோறு வைப்பது. கொலை என்று ஒப்புக்கொண்டு, அதைக் கடனாக எழுதிவைக்கும் முறை இது. மனுவோடு பல விஷயங்களில் சண்டை போட வேண்டியிருக்கலாம். இந்த இடத்தில் அந்த நூல் நேர்மையாகப் பேசுகிறது.

மருந்துக்கு வருவோம். கண்ணில் படும் எறும்பின் மீது பூச்சிக்கொல்லி அடித்தால், பட்டது சாகும். ராணிகள் பத்திரமாக இருக்கும். ஆகவே ஆய்வகம் பரிந்துரைக்கும் முறை வேறு. எண்ணெய், தண்ணீர், வேர்க்கடலை வெண்ணெய் கலந்த பசையில் மெத்தோபிரீன் என்ற வளர்ச்சி தடுப்பானைச் சேர்த்து, மரத்தில் ஒட்டி நிற்கும்படி பீய்ச்சுவார்கள். தின்ற எறும்பு அப்போதே சாகாது. கூட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கும் புழுக்களுக்கும் ஊட்டும். அதன்பின் அடுத்த தலைமுறை எறும்பாக வளர்வதில்லை. இருப்பவை ஆயுள் முடிந்து போக, கூடு அடங்கும்.

இது கொலையே அல்ல, குடும்பக் கட்டுப்பாடு என்று சிலர் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஒத்துக்கொள்வது கடினம். புழுக்கள் சாகத்தான் செய்கின்றன. தான் தின்றதை மற்றதற்கு ஊட்டும் எறும்பின் நல்ல குணமே இங்கே மருந்து போகும் பாதை. நேரடி விஷத்தைவிட இது மென்மையானதா, இல்லை இன்னும் தந்திரமானதா என்பது யோசிக்கத் தக்கது. பலன் தருவது இந்த வழி என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

பலன் தருவதும் முழுசாகச் செய்தால்தான். ஆறு வார இடைவெளியில் எட்டுத் தடவை, அதாவது ஏறக்குறைய ஒரு வருஷம். இரண்டு தடவையிலேயே எறும்பு கண்ணில் படாமல் போகும். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். மரத்தில் எஞ்சிய ராணிகள் மறுபடி பெருகும், மறுபடி மருந்து, மறுபடி சாவு. மனம் இளகிப் பாதியில் விட்டாலும் அலுத்துப்போய் விட்டாலும், எறும்புக்கு விளைவு ஒன்றுதான். அரைகுறை இரக்கத்தால் செத்த எறும்புகள் கருணையில்லாத ஒழுங்கால் செத்தவற்றைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

மௌயி தீவின் வைஹே பகுதியில் 2009-இல் ஒரு சிறு பண்ணையில் இந்த எறும்பைக் கண்டபோது, மர உச்சி வரை விடாமல் மருந்து தெளித்து அங்கே அதை இல்லாமலாக்கினார்கள். கலாபகோஸின் மார்ச்செனா தீவில் சுமார் 20 ஹெக்டேரில் பரவியிருந்ததையும் ஒழித்தார்கள். ஹவாயின் பெரிய தீவில் அந்தக் கட்டம் கடந்துவிட்டது. அங்கே இனி அவரவர் தோட்டத்தில், முடிந்தால் தெருவாகச் சேர்ந்து, அடக்கிவைப்பதுதான் வேலை.

அங்கேயும் ஒரு உயிரையும் கொல்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று மிச்சமிருக்கிறது: எறும்பு ஏறிய செடியையும் மண்ணையும் இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. விற்பதற்கானாலும் பரிசு கொடுப்பதற்கானாலும், தொட்டியை முதலில் சோதிக்க வேண்டும். கொல்லாமை விரதக்காரரும் மருந்து அடிப்பவரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.