நல்லெண்ணமும் கற்கும் கடமையும்

குழந்தை நலப் பணியில் ஈடுபடுவோர்க்கு அன்புள்ளம் ஒன்றே போதும் என்று கருதுவார் பலர். பட்டமும் பயிற்சியும் உத்தியோகம் பெறுதற்கு வேண்டிய சடங்குகள். அதன்பின் மனச்சாட்சியே வழிகாட்டும் என்பது அவர்தம் எண்ணம். கேட்பதற்கு இனிய இக்கருத்து எத்துணை ஆபத்தானது என்பதை, இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு துயர வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிற் பிறந்த விக்ரோறியா கிளிம்பியே என்னும் சிறுமியை, ஐரோப்பாவில் நல்ல கல்வி கிடைக்கும் என்ற நம்பிக்கையிலே பெற்றோர் உறவுப் பெண் ஒருத்தியிடம் ஒப்படைத்தனர். 1999ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட அச்சிறுமி அங்கே பாடசாலை வாசலையே மிதிக்கவில்லை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி அவள் இறந்தபோது வயது எட்டு. உடலிலே 128 காயங்கள் காணப்பட்டன. உறவுப் பெண்ணும் அவளுடைய துணைவனும் கொலைக் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர்.

கொடியோரின் கொடுமையை விளக்கத் தத்துவம் வேண்டியதில்லை. நம் சிந்தனைக்குரியோர் கொடியவரல்லாத ஏனையோர். லாமிங் பிரபுவின் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. சமூகசேவைப் பிரிவினர், வைத்தியர், பொலிசார் ஆகியோர்க்கு அவளைக் காப்பாற்றும் வாய்ப்புக் குறைந்தது பன்னிரண்டு தடவை கிட்டியிருந்ததை அது எடுத்துக்காட்டிற்று. அவளது உடலிலிருந்த அடையாளங்களைச் சிரங்கு என்று முடிவுசெய்தார் ஒரு வைத்தியர். அச்சிரங்கு தொற்றிவிடும் என்ற அச்சத்தால் வீட்டைச் சென்று பார்க்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. உறவுப் பெண்ணின் முன்னிலையில் சிறுமி விறைத்து நின்றமை, ஆபிரிக்கக் கரிபியக் குடும்பங்களிற் பெரியோர்க்குக் காட்டப்படும் மரியாதை என்று விளங்கிக்கொள்ளப்பட்டது. பொறுப்பாயிருந்த சமூகசேவை உத்தியோகத்தர் ஏழு மாதங்களில் அவளைக் கண்டு பேசிய நேரம் மொத்தம் அரைமணிக்கும் குறைவு.

அச்சத்தை மரியாதை என்று கண்டவர் வஞ்சகமாகப் பேசினாரல்லர். உண்மையாகவே அவ்வாறு நம்பினார். அங்ஙனமாயின் அவர் குற்றமற்றவரோ? ஆங்கிலச் சிந்தனையாளர் கிளிஃபோர்ட் 1877ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில் ஓர் உதாரணம் காட்டினார். பழுதடைந்த கப்பலின் உரிமையாளன், அது பல கடல்களைக் கடந்த கப்பல்தானே எனத் தன்னைத் தேற்றிக்கொண்டு, பரிசோதியாமலே பயணிகளுடன் அனுப்பி வைக்கிறான். கப்பல் மூழ்குகிறது. அவனது நம்பிக்கை மெய்யானதே. எனினும் அவன் குற்றவாளியே என்பார் கிளிஃபோர்ட். ஏனெனில், ஆராயாது அவ்வாறு நம்புதற்கு அவனுக்கு உரிமையில்லை. பிறர் உயிர் நம் முடிவிலே தங்கியிருக்கும்போது, நீக்கியிருக்கக்கூடிய அறியாமை வெறும் அறியாமையன்று. ஆகவே தொடர்ந்து கற்றல் என்பது பதவி உயர்வுக்கான வழியன்று. குழந்தைக்குச் செலுத்தவேண்டிய கடன்.

ஆயினும் இத்துடன் நிறுத்திவிட்டால் நீதி பாதியாகவே முடியும். அவ்வுத்தியோகத்தர் கப்பலின் உரிமையாளரா, மாலுமியா? அனுபவம் குறைந்த அவர்மீது ஒரே வேளையில் 19 குழந்தைகளின் பொறுப்புச் சுமத்தப்பட்டிருந்தது; அவ்வலுவலகத்தின் சொந்த விதிப்படி உச்ச அளவு 12. அவர் வேலையிழந்தார். மேலதிகாரிகளோ பொறுப்பைத் தட்டிக்கழித்தனர். லாமிங் அறிக்கையின் கடுமையான கண்டனம் அவர்களை நோக்கியதே என்பது கவனிக்கற்பாலது. கற்க நேரமளியாது, வழிகாட்ட ஆளமர்த்தாது, பின்னர் 'நீ கற்கவில்லை' எனக் கீழ்நிலை ஊழியரைத் தண்டிக்கும் அமைப்பு, கிளிஃபோர்டின் கப்பலுரிமையாளனையே ஒத்ததாகும்.

பயிற்சியின் தன்மையும் இங்கே வினாவுக்குரியது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு சமூகசேவையாளர் பதிவேடு தொடங்கிற்று. பதிவைப் புதுப்பிக்க, மூன்றாண்டுகளில் 90 மணி நேரமாயினும் 15 நாட்களாயினும் கற்றிருக்கவேண்டும் என விதிக்கப்பட்டது. 2019 முதல் வேறொரு நிறுவனம் ஆண்டுதோறும் இதனைக் கேட்டு வருகின்றது. இவை வேண்டியனவே. ஆனால் மணிக்கணக்குக் கல்வியாகிவிடாது. ஒவ்வொரு மரணத்தின் பின்னும் புதிய விதிகளும் படிவங்களும் பெருகியதால், ஊழியர் தாமே சிந்தித்து முடிவெடுக்கும் ஆற்றல் நலிந்தது என்பதைப் பேராசிரியர் மன்றோவின் 2011ஆம் ஆண்டு ஆய்வு சுட்டிக்காட்டிற்று. படிவத்தைப் பிழையின்றி நிரப்பக் கற்பிக்கும் பயிற்சியினால் நிறுவனம் பாதுகாப்புறலாம். குழந்தை பாதுகாப்புறும் என்பதற்கு உறுதியில்லை.

வேண்டப்படுவது வேறுவகைக் கல்வி. தாம் கண்டதையும் அதற்குத் தாம் கொடுத்த விளக்கத்தையும் அனுபவமிக்க சகாக்களின் முன்வைத்து, 'இதற்கு வேறு பொருள் இருக்கலாகாதா?' என வினவும் பழக்கமே அது. மரியாதை என்ற ஒரு சொல்லை யாரேனும் அவ்வாறு கேள்விக்குள்ளாக்கியிருந்தால், அச்சிறுமி ஏன் விறைத்து நிற்கிறாள் என்று அவளிடமே கேட்கத் தோன்றியிருக்கும். பிரெஞ்சு மொழி பேசிய அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதும் தெளிவாகியிருக்கும்.

கற்கும் கடமை ஊழியருடையது. கற்பதற்கு வேண்டிய நேரத்தையும் துணையையும் அளிக்கும் கடமை சமுதாயத்தினுடையது. ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. வகுப்பறையின் கடைசி வாங்கிலே பேசாதிருக்கும் பிள்ளையை 'அடக்கமானவன்' என்று குறித்துவிட்டு அப்பாற் செல்லும் ஆசிரியர்க்கும், நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு அவரிடம் கணக்குக் கேட்கும் நிருவாகத்திற்கும் இது பொருந்துமன்றோ?