சிவப்பு மை

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் தினம் ஒரு குறளைக் கரும்பலகையில் எழுதும் வேலையை ஒரு பையனுக்குக் கொடுத்திருந்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘ழ’வுக்கு அவன் போடும் வாலைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து நிற்பார். நவம்பரில் அந்த வேலையை அவனிடமிருந்து பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்தேன். எழுத்து கெட்டுப்போயிருந்தது. ஏன் என்று அவனும் கேட்கவில்லை. சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவனுடைய தமிழ் நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதியவை எல்லாம் தேதியோடு இருக்கின்றன. ஆகஸ்டில் ‘கவனம்’. செப்டம்பரில் ‘எழுத்து சிறுத்துவிட்டது. ஏன்?’ அக்டோபரில் ‘கோட்டைத் தாண்டுகிறது’. டிசம்பரில் ‘கோழிக் கிறுக்கல். அப்பாவை அழைத்து வா’. இதில் பெரிய வேடிக்கை, டிசம்பர் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்துக்கான விளக்கம். நோயையும் அதன் காரணத்தையும் தேடிப் பார்க்கச் சொல்லும் குறளை அன்றைக்கு அரை மணி நேரம் விளக்கியவனும் நான்தான்.

அப்பா வந்தார். கை கட்டிக்கொண்டு நின்றார். “வீட்லயும் அப்படித்தாங்கய்யா. தட்டு கை நழுவுது. கேட்டா கோவம் வருது. வாயில எச்சி வழியுது, தொடைக்க மாட்டேங்கிறான்.” நான் வயசுக் கோளாறு என்றேன். கணக்கு வாத்தியார் தனியாக என்னை அழைத்து, கை நடுங்குகிறதே, கஞ்சாப் பழக்கமாக இருக்குமோ என்று கேட்டார். வீட்டில் காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு மனநல மருத்துவர் தூக்க மாத்திரை போல ஏதோ கொடுத்தார். பையன் இன்னும் தள்ளாடினான். ஆக, நோயின் பெயர் தெரிவதற்குள் அவனுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஐந்தாறு பெயர் வைத்துவிட்டோம்.

கடைசியில் அப்பாதான், கண்ணாடி போட்டால் எழுத்து சரியாகிவிடும் என்று நம்பி மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே தாடையை ஒரு கருவியில் வைத்து, மெல்லிய ஒளிக் கீற்றைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்த இளம் டாக்டர் எழுந்து போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். அவர் பார்த்தார். பிறகு படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வரிசையில் வந்து ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார்கள். “எதுக்கு இத்தன பேரு பாக்குறாங்கன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு” என்று அம்மா பின்னால் சொன்னார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையம். அதனால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. நம்மைப் போன்ற கரிய விழிக்காரர்களுக்கு அது வெறும் கண்ணுக்கோ டார்ச்சுக்கோ லேசில் தெரியாது. ஆனால் தெரிந்தவர் கண்ணில் பட்டால் முக்கால்வாசிக் கதையை அதுவே சொல்லிவிடும். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி கண்ணைப் பற்றியதே இல்லை. “சின்ன வயசுல இவனுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சா?”

வந்திருந்தது. மூன்றாம் வகுப்பில். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் இருந்தான், சரியாகிவிட்டது என்று எல்லாரும் மறந்தும் போனார்கள்.

வில்சன் நோய் என்று பெயர் சொன்னார்கள். முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. விஷயம் செம்பு. நம் சாப்பாட்டிலேயே தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு இருக்கிறது. உடம்புக்கு அதில் கொஞ்சம் வேண்டும், மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். தள்ளிவிடும் வேலையைச் செய்கிற புரதம் ஒன்று இவர்களுக்குச் சரியாக அமைவதில்லை. அதனால் செம்பு கல்லீரலில் சேர்கிறது. பத்து வருடம், பதினைந்து வருடம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போய், கல்லீரல் கொள்ளாதபோது ரத்தத்தில் கலந்து மூளைக்கும் கண்ணுக்கும் போய்ப் படிகிறது. மூளையில் அது படிகிற இடம் கை கால் அசைவை ஒழுங்குபடுத்துகிற இடம். எழுத்து சிறுப்பதும், நாக்கு குளறுவதும், எச்சில் வழிவதும், காரணமில்லாமல் கோபம் வருவதும் அதனால்தான். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தையும், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் இருக்கும் செம்பையும் அளந்து உறுதி செய்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் பழைய நோட்டுகள் இருந்தால் கொண்டு வரச் சொன்னார். அம்மா தமிழ் நோட்டை எடுத்துப் போனார். டாக்டர் பக்கம் பக்கமாகத் திருப்பி, சிவப்பு மையில் இருந்த தேதிகளையும் வார்த்தைகளையும் படித்துவிட்டு, “யாரும்மா இந்த வாத்தியாரு? எப்ப ஆரம்பிச்சுது, எப்படிக் கூடுச்சுன்னு நம்ம கேஸ் ஷீட்ட விட நல்லாக் குறிச்சு வெச்சிருக்காரே” என்றாராம். அம்மா இதை எனக்குப் பெருமையாக வந்து சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை நான் கண்ணால் கண்டதில் தப்பில்லை. சிறுத்தது, கோடு தாண்டியது, நடுங்கியது எல்லாம் உள்ளதுதான். செப்டம்பரில் ‘ஏன்?’ என்றுகூடக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நோட்டை மூடிவிட்டேன். மூன்று மாதத்தில் அந்தக் கேள்வி இருந்த இடத்தில் ‘கிறுக்கல்’ என்ற தீர்ப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. தெரியவில்லை என்று இருப்பது மனிதனுக்கு அவ்வளவு சங்கடமான காரியம் போலிருக்கிறது. எதையாவது போட்டு அந்தக் குழியை மூடினால்தான் தூக்கம் வருகிறது. கைக்குச் சுலபமாகக் கிடைப்பது எதிரில் இருப்பவனின் குணம்.

என் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். எழுத்து கெட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் அவசரம், கிரிக்கெட், காதல், வீட்டுச் சண்டை, கண்பார்வை. கோணல் எழுத்துக்கெல்லாம் மதுரைக்கு அனுப்பினால் பள்ளிக்கூடம் நடக்குமா? டாக்டர்களுக்கும் இதே கதைதான். நடுக்கம், மஞ்சள் காமாலை, மனச்சோர்வு என்று வருகிறவர்களில் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கும் மேலே வழக்கமான காரணம்தான். அரிதானதை எல்லா இடத்திலும் தேடுகிற டாக்டர் நோயாளியை அலைக்கழித்தே கொன்றுவிடுவார். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நூலகத்துக்குப் போய் அந்த வில்சனைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன், லண்டனில் நரம்பு மருத்துவர். 1912-ல், 33 வயதில், தான் நேரில் கண்ட நான்கு நோயாளிகளை வைத்து ‘பிரெய்ன்’ என்ற மருத்துவ இதழில் 200 பக்கங்களுக்கு மேல் எழுதினார். மூளையும் கல்லீரலும் ஒன்றாகக் கெடுகிற நோய் இது என்று கோத்துக் காட்டியவர் அவர்தான். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர் கண்ணில் அந்த வளையம் படவில்லை. ஜெர்மனியில் கைசர் 1902-லும் பிளைஷர் 1903-லும் அதைக் கண்டு எழுதியிருந்தார்கள்; கைசரோ தன் நோயாளிக்கு இருந்தது வேறொரு நரம்பு நோய் என்று நினைத்தார். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வருகிறது என்று கண்டுகொண்ட வில்சன், பரம்பரையாக வருவது என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு துண்டைப் பார்த்திருக்கிறார்கள். செம்புதான் காரணம் என்று நிலைபெறவே 1940-கள் ஆயிற்று. பழுதான மரபணு கையில் சிக்கியது 1993-ல். யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார்கள். அடுத்தவருக்கு அது உதவியது.

மருந்து வந்த கதை இன்னும் அழகு. முதலில் வந்தது ஓர் ஊசி, வலி தாங்காது. ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பென்சிலின் போட்ட நோயாளிகளின் சிறுநீரில் அந்த மருந்து சிதைந்து பென்சிலமைன் என்ற பொருளாக வெளியேறுவதை முன்பே கண்டிருந்தார். 1950-களில் பாஸ்டனில் ஒரு வில்சன் நோயாளியைப் பார்த்தபோது, இந்தப் பொருளின் அமைப்பு செம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வெளியே வருமே என்று தோன்றியது. நோயாளிக்குக் கொடுக்குமுன் தானே விழுங்கிப் பார்த்தார். 1956-ல் கட்டுரை வந்தது. அதுவரை தப்பாமல் ஆளைக் கொண்டுபோன நோய், அன்றிலிருந்து மாத்திரையோடு வாழ்கிற நோயாயிற்று. வால்ஷ் 2022-ல் 102 வயதில் காலமானார். எங்கள் பையன் முதலில் விழுங்கியதும் அதே பென்சிலமைன்தான். எங்கள் ஊர் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினால் பென்சிலின் என்று படித்துவிட்டு வேறெதையோ எடுத்துக் கொடுப்பார்கள். அப்பா மாதாமாதம் மதுரைக்குப் போய் வாங்கி வந்தார். தொடங்கிய முதல் இரண்டு மாதம் நடுக்கம் கூடிற்று. சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் நிறுத்தியிருப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

பெயர் தெரிந்ததும் வீட்டில் நிம்மதி வந்ததா என்றால், வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அந்த வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம். செப்புக்குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று பிள்ளைகளுக்கு அதில்தான் ஊற்றிக் கொடுப்பார். புளி போட்டுத் தேய்த்து அந்தக் குடம் தகதகவென்று திண்ணையோரம் இருக்கும். நான் பார்க்கப் போனபோது அது பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது. “என் கையாலயே ஊத்திக் குடுத்தேனே வாத்தியாரய்யா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குடத்தால் வந்த நோயில்லை என்று டாக்டர் சொன்னதை நானும் சொன்னேன். இனிமேல் செப்புப் பாத்திரம் வேண்டாம் என்றும் அதே டாக்டர்தான் சொல்லியிருந்தார். பாட்டிக்கு இரண்டாவது மட்டும்தான் காதில் விழுந்தது.

குடத்தைவிடக் கனமான ஒன்று யார் வாயிலும் வரவில்லை. பையனின் அப்பா கட்டியிருந்தது சொந்த அக்கா மகளை. பாட்டி பிடிவாதமாக முடித்து வைத்த கல்யாணம். இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி ஒவ்வொன்று வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. தொண்ணூறு பேரில் ஒருவர் அப்படித் தெரியாமலே சுமந்துகொண்டு நடமாடுகிறார். அப்பாவுக்குப் பாட்டி அம்மா, அம்மாவுக்கும் அதே பாட்டி அம்மாச்சி. பாட்டி வழியிலோ தாத்தா வழியிலோ இருந்த ஒரு பழுது இரண்டு கிளையிலும் இறங்கி வந்து இவனிடம் சேர்ந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த அம்மாள் செய்தது ஊரில் எல்லாரும் செய்ததுதான். சொத்து வெளியே போகக் கூடாது, பெண் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று நினைத்தார். என் சிவப்பு மைக்கு மன்னிப்பு உண்டென்றால் அவருக்கு முதலில் உண்டு.

கூடப் பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. துள்ளிக்கொண்டு திரிந்தவள். சோதித்தால் அவளுக்கும் இருந்தது. நோய் தலைகாட்டுவதற்கு முன்பே மாத்திரை ஆரம்பித்தார்கள். அவளுக்கு இன்றுவரை ஒரு விரல் நடுங்கியதில்லை.

அவளுடைய கல்யாணப் பத்திரிகையோடு போன வருஷம் அண்ணன்காரன் வந்தான். முப்பதைத் தாண்டிவிட்டான். ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறான். “அசல்லதாங்கய்யா குடுக்கிறோம். அப்பத்தாதான் சொந்தம் வேண்டாம்னு சொல்லுச்சு” என்றான். சொல்லுக்குச் சொல் கொஞ்சம் இழுத்துத்தான் பேசுகிறான். உறையின்மேல் என் பெயரைக் கையால் எழுதியிருந்தான். என் கண் பழக்கதோஷத்தில் ‘ழ’வின் வாலைத் தேடிப் போயிற்று.

மனைவி இலை போடப் போனாள். அவன் தடுத்தான். வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டுமாம், போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டு மணி பார்த்துக்கொண்டான். திண்ணையில் உட்கார்ந்தோம். பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்ல நினைத்ததை அந்த ஒரு மணி நேரத்தில்தான் சொன்னேன். கரும்பலகை, கிறுக்கல், அப்பாவை வரவழைத்தது எல்லாவற்றையும். அவன் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க சொன்னதுக்கு என்னங்கய்யா” என்றான். “நானே என்னைய சோம்பேறின்னுதான் நெனச்சிட்டிருந்தேன். ராத்திரி உக்காந்து அம்பது தடவ எழுதிப் பாப்பேன். நல்லா எழுதணும்னு நெனக்க நெனக்கக் கோணும். நமக்கு அக்கறை இல்லபோல, அதான் கோணுதுன்னு இருந்துச்சு.”

அந்த ஐம்பது தடவை எழுதிய தாள் எதையும் நான் பார்த்ததில்லை. அது திருத்துவதற்கு வரவில்லை.

உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வந்தது. “இன்னும் இருபது நிமிஷம் இருக்குங்கய்யா” என்றான்.