முகம் யாருடையது?

உருவப்பட ஸ்டூடியோ தொடங்குகிறவர் கேமரா, லென்ஸ், விளக்கு, பின்திரை என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறார். இவை எதுவும் வாடிக்கையாளரை அழைத்து வருவதில்லை. ஏற்கெனவே எடுத்த முகங்களைப் பார்த்துத்தான் அடுத்தவர் படியேறுகிறார். தெருவைப் பார்த்த ஷோகேஸில் கல்யாண ஜோடியும் தவழும் குழந்தையும் செய்துவந்த வேலையை இன்று இன்ஸ்டாகிராம் பக்கம் செய்கிறது. தையற்காரர் தான் தைத்த சட்டையைக் கடை வாசலில் தொங்கவிட்டால் போதும். ஸ்டூடியோக்காரர் இன்னொரு மனிதரையே தொங்கவிட வேண்டியிருக்கிறது. மற்றவர் முகத்தைக் காட்டாமல் இந்தத் தொழில் வளராது என்பதால், அந்த முகம் யாருடையது என்ற கேள்வி கடை திறக்கும் நாளிலேயே உள்ளே வந்துவிடுகிறது.

1839-இல் தாகேரின் புகைப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்ட காலத்தில் இந்தக் கேள்விக்கு அதிக இடம் இருக்கவில்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம். அதிலிருந்து நகல் எடுக்க வழியில்லை. பணம் கொடுத்தவர் தகட்டோடு வீடு போய்விட்டால் கடையில் அவர் முகம் மிஞ்சாது. நெகட்டிவ் முறை பரவியதும் நிலைமை மாறியது. 1854-இல் திஸ்தேரி என்ற போட்டோகிராபர், ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுத்து அட்டையில் ஒட்டித் தரும் முறைக்குப் பாரிஸில் காப்புரிமை பெற்றார். விலை இறங்கியது, கூட்டம் கூடியது. அரச குடும்பத்தாரின் படங்களையும் நடிகைகளின் படங்களையும் கடையில் வாங்கி ஆல்பத்தில் சேர்ப்பது வழக்கமாயிற்று. படம் எடுத்துக்கொண்டவர் பிரின்டை வாங்கிக்கொண்டு போனார். நெகட்டிவ் கடையிலேயே தங்கியது. தொழில் பெருகுவதற்கும் சிக்கல் முளைப்பதற்கும் இந்தத் தங்கல்தான் காரணம்.

1888-இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கு இதை நேராகத் தொட்டது. ஒரு பெண்மணி பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். கடைக்காரர் அதே நெகட்டிவிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்று தயாரித்துக் கடைச் சன்னலில் வைத்துவிட்டார். கூலி வாங்கிக்கொண்டு எடுத்த படத்தை வாடிக்கையாளரின் தேவைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியதே என்று நீதிபதி நார்த் தீர்ப்பளித்து அதைத் தடுத்தார். போட்டோகிராபருக்குக் கிடைத்தது உழைப்பின் விலை. முகம் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். உருவப்படத் தொழிலின் அறத்தை இதைவிட நேர்மையாகச் சொல்லும் தீர்ப்பைக் காண்பது அரிது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் வேறொரு குரல் வென்றிருந்தது. 1882-இல் சொற்பொழிவுப் பயணமாக நியூயார்க் வந்த எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் போட்டோகிராபர் நெப்போலியன் சரோனி படமெடுத்தார். அந்தப் படத்தை ஓர் அச்சு நிறுவனம் அனுமதியில்லாமல் 85,000 பிரதிகள் அடித்துவிட, சரோனி வழக்குத் தொடுத்தார். கேமரா என்பது எதிரே இருப்பதைப் பதியும் இயந்திரம்தானே, அதில் படைப்பு எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. வைல்டை உட்காரவைத்த விதம், உடை, திரைச்சீலை, ஒளியும் நிழலும், முகத்தில் வரவழைத்த பாவம் எல்லாம் சரோனியின் மனத்தில் உருவானவை, ஆகவே அவரே ஆசிரியர் என்று 1884-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கின் இரு தரப்பிலும் வைல்ட் இல்லை என்பது கவனிக்க வேண்டியது. அவர் முகத்தைப் பற்றிய வழக்கில் அவருக்கு இடமே இருக்கவில்லை.

போட்டோகிராபர் படைக்கிறாரா என்ற இதே கேள்வி இஸ்லாத்தின் வழியாக வந்தபோது விடை தலைகீழாக அமைந்தது. உயிருள்ளவற்றின் உருவம் செய்வோரை நபிமொழிகள் கண்டிக்கின்றன; படைப்பு இறைவனுக்கே உரியது என்பது அதன் அடிப்படை. அப்படியானால் புகைப்படம் கூடுமா? எகிப்தின் முஃப்தியாக இருந்த முகம்மது பகீத் அல்முதீஈ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். போட்டோகிராபர் எதையும் படைப்பதில்லை, இறைவன் படைத்த உருவத்தின் நிழலைப் பிடித்து நிறுத்துகிறார், அவ்வளவுதான். ஆகவே தடையில்லை என்றார். இதை ஏற்காத அறிஞர்கள் இன்றும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்டோகிராபர் படைக்கிறார் என்பதால் அவருக்கு உரிமை கொடுத்தது. எகிப்திய முஃப்தி அவர் படைக்கவில்லை என்பதால் அவருக்கு அனுமதி கொடுத்தார்.

தொழில் செய்கிறவர்கள் இந்த இரண்டு தூண்களிலும் மாறி மாறிச் சாய்ந்துகொள்கிறார்கள். விலை பேசும்போது 'இது கலை'. முகம் சரியாக விழவில்லை என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால் 'கேமரா உள்ளதைத்தான் காட்டும்'. இரண்டையும் ஒரே வாயால் சொல்வது நேர்மையாகாது. டச்சிங் மேசையைப் பார்த்தாலே இது புரியும். சாய்ந்த கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, கீழே ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் சுருக்கம் விழுந்த இடங்களில் மெல்லிய கோடுகள் இடுவார்கள். நெகட்டிவில் சுருக்கம் வெளிறித் தெரியும். பென்சில் ஏற ஏற அந்த இடம் அடர்த்தியாகி, பிரின்டில் சுருக்கம் மறையும். பத்து வயது குறைவது மணிக்கணக்கான கைவேலை. இன்று மென்பொருள் அதை நொடியில் செய்துவிடுகிறது என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை.

டச்சிங் முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு வாரத்தில் தானே போய்விடும் பருவை எடுத்துவிடுவதில் யாரும் ஏமாறுவதில்லை. தோலின் நிறத்தை மாற்றுவது வேறு வகை. பெண் பார்க்க அனுப்பும் படத்தில் மாநிறத்தைச் சிவப்பாக்கித் தரும்போது, பணம் கொடுத்த குடும்பத்தோடு படத்தை நம்பி வரும் இன்னொரு குடும்பமும் வியாபாரத்துக்குள் வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தீங்கு, உன் முகம் அது இருக்கிறபடி போதாது என்று அந்தப் பெண்ணிடமே சொல்லி அனுப்புவது. வாடிக்கையாளரே கேட்டார் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

முகத்தைக் கொடுப்பவரின் பக்கமிருந்து பார்த்தவர்களும் உண்டு. உடல் என்பது அடுக்கடுக்கான மெல்லிய படலங்களால் ஆனது, ஒவ்வொரு படமும் அதில் ஒன்றை உரித்துக்கொள்கிறது என்று பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் அஞ்சியதாகப் போட்டோகிராபர் நாதார் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் ஊர்க் கிழவிகள் சொன்னதும் இதன் உறவுதான். வள்ளலாரை மாசிலாமணி முதலியார் எட்டு முறை படமெடுத்தும் வெள்ளாடை மட்டுமே விழுந்தது, திருமேனி விழவில்லை என்பது அன்பர்களின் மரபு. ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவி 1898-இல் கல்கத்தாவில் கேமரா முன் உட்கார முதலில் மறுத்தார்; பக்தை சாரா புல் கெஞ்சிக் கேட்ட பிறகே இசைந்தார். அந்தப் படம் இன்று பூஜையில் இருக்கிறது. 1946-இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த ரமணரின் மார்பளவுப் படத்துக்கு எத்தனையோ வீடுகளில் அன்றாடம் விளக்கேற்றுகிறார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடும் அச்சத்துக்கும், விளக்கேற்றும் பக்திக்கும் அடியில் இருப்பது ஒரே உணர்வு: படம் காகிதம் மட்டுமில்லை, அந்த மனிதரின் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. அந்த உணர்வு இல்லாவிட்டால் உருவப்படத்துக்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். தொழிலே அதன்மேல் நிற்கும்போது, படத்தை வெறும் கோப்பாக நடத்தும் உரிமை ஸ்டூடியோவுக்கு எப்படி வரும்?

படத்தை அப்படி நடத்தியதற்கு நியூயார்க் மாநிலத்தில் ஒரு பெண் விலை கொடுத்தாள். அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை, அவளைக் கேட்காமலேயே 25,000 மாவு விளம்பரங்களில் அச்சிட்டார்கள். அவமானத்தில் நோயுற்றதாக அவள் முறையிட்டும், அப்படியொரு உரிமை சட்டத்தில் இல்லை என்று 1902-இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுந்த எதிர்ப்பில் மறு ஆண்டே, விளம்பரத்துக்கு எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. பின்னர் அதில் ஸ்டூடியோக்களுக்கு ஒரு சலுகை சேர்ந்தது: தம் கடையில் மாதிரிப் படங்களை வைக்கலாம், படத்தில் இருப்பவர் எழுதி மறுத்தால் எடுத்துவிட வேண்டும். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவரையே புகைப்படத்தின் முதல் உரிமையாளர் ஆக்குகிறது. தம் பக்கத்தில் கேட்காமல் பதிவேற்றும் போட்டோகிராபர்களில் பலருக்கு இது தெரியாது.

போஸ் இல்லாத படம் வேண்டும் என்று இன்று வீட்டுக்கே வந்து எடுக்கும் லைஃப்ஸ்டைல் வகையில் பொறுப்பு இன்னும் கனமாகிறது. ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தவர் கேமராவுக்குத் தயாரான முகத்தைக் கொடுத்தார். அடுப்படியில் சிரிப்பவரும் பால் கொடுக்கும் தாயும் தம்மை மறந்த நேரத்தைக் கொடுக்கிறார்கள். படமெடுக்கச் சம்மதித்தது ஊருக்குக் காட்டச் சம்மதித்ததாகாது. இரண்டையும் தனித்தனியாக, அதுவும் படங்களைப் பார்த்த பிறகு கேட்பதே முறை. முன்பணம் வாங்கும் தாளின் கடைசி வரியில் பொடி எழுத்தில் பெற்ற கையெழுத்து, சம்மதம் என்ற பெயருக்குத் தகுதியற்றது. காட்ட அனுமதிப்பவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தருவதும் யோசிக்க வேண்டியதே: வசதி இல்லாதவரின் முகம்தான் அப்போது அதிகம் வெளியே வரும்.

பிறந்து பத்து நாளான குழந்தைக்காகப் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை எடுத்துவிடச் சொன்னால் எடுப்பதே நியாயம். பெற்றோரின் கையெழுத்து அதுவரைக்குமான பொறுப்பு மட்டுமே. இறந்தவரின் நிலை வேறு. பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொண்டுவந்து மாலை போடப் பெரிதாக்கிக் கேட்கும் மகனிடம் அந்த முகத்தின் பொறுப்பு வந்துசேர்ந்திருக்கிறது. அப்படி யாரும் வராத முகங்களும் இருக்கின்றன. பழைய தமிழக ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் திரட்டி மின்படிகளாக்கியிருக்கிறார்கள். அவற்றில் இருக்கும் பலருக்குப் பெயர் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. வரலாற்றுக்காக அவற்றைக் காப்பதும் காட்டுவதும் சரியே. அவற்றை எடுத்துக் காப்பி டம்ளரிலும் உணவக விளம்பரத்திலும் அச்சிடுவது, அபிகெயில் ராபர்சனுக்குச் செய்ததையே வாய் திறக்க முடியாதவர்களுக்குச் செய்வதாகும்.