கை செய்ததும் மனம் கேட்டதும்

அப்பா தாலுகா அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தராக இருந்தார். காலையில் குவியும் உறைகளைப் பிரிப்பார், தேதி முத்திரை குத்துவார், ஒவ்வொரு மனுவின் மேல் மூலையிலும் சிவப்பு மையால் 'அ1', 'ஆ3', 'இ2' என்று குறி எழுதுவார். பட்டா மாறுதல் ஓர் இருக்கைக்குப் போகும், முதியோர் உதவித்தொகை இன்னோர் இருக்கைக்குப் போகும். 'பொருள்' என்ற வரியை மட்டும் பார்த்துக் குறி போட்டால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். அப்பா கடைசிப் பத்தி வரை படிப்பார். "பொருள்ல ஒண்ணு எழுதியிருப்பாங்க, மனசுல ஒண்ணு இருக்கும்மா" என்பார்.

நான் இருபது ஆண்டுகளாக ஜாவாவில் நிரல் எழுதுகிறேன். பெரும்பாலும் ஸ்பிரிங் கட்டமைப்பில்தான் வேலை. அதன் வாசலில் 'டிஸ்பேச்சர் சர்வ்லெட்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யாராவது இணையப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் முதலில் அதன் கைக்குத்தான் வரும். எந்த முகவரிக்கு வந்திருக்கிறது, கெட் முறையா போஸ்ட் முறையா, கூடவே என்னென்ன பெயர்களில் மதிப்புகள் வந்திருக்கின்றன என்று பார்த்து, உரிய மெத்தடிடம் ஒப்படைக்கும். எந்த மெத்தட் எதற்குப் பொறுப்பு என்பதை அதன் தலைக்கு மேலேயே எழுதி வைக்கிறோம். 2007-இல் வெளியான ஸ்பிரிங் 2.5 பதிப்பில் வந்த 'ரிக்வெஸ்ட்மேப்பிங்' குறிப்பு அது. எனக்கு அது அப்பாவின் சிவப்பு மைக் குறியேதான். ஆனால் இந்த எழுத்தர் கடைசிப் பத்தியைப் படிப்பதில்லை. பொருள் வரியோடு நின்றுவிடுகிறார்.

2011-இல் ஒரு கல்வி அறக்கட்டளைக்காக உதவித்தொகைப் படிவம் ஒன்றை எழுதினேன். படிவத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள். இடப்பக்கம் 'ரத்து செய்', வலப்பக்கம் 'சமர்ப்பி'. இரண்டும் ஒரே முகவரிக்குப் போகும், இரண்டும் போஸ்ட். பிரித்துக் காட்டுவது பொத்தானின் பெயர் ஒன்றுதான். 'கேன்சல்' என்ற பெயர் வந்தால் ஒரு மெத்தட், 'சப்மிட்' என்று வந்தால் இன்னொரு மெத்தட் என்று 'பாராம்ஸ்' நிபந்தனை எழுதியிருந்தேன். அழுத்திய பொத்தானின் பெயரை மட்டுமே உலாவி அனுப்பும் என்பதால் சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. நானும் மவுஸால் சொடுக்கித்தான் சோதித்தேன்.

மூன்றாம் நாள் ஒரு மாணவியின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது என்று செய்தி வந்திருக்கிறது. "பொண்ணு ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து அடிச்சா மேடம். நாங்க எதுக்கு வேண்டாம்னு சொல்லப் போறோம்?" என்று கேட்டார்.

லாகைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் கோரிக்கை 'கேன்சல்' என்ற பெயரோடுதான் வந்திருந்தது. அவள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கடைசிக் கட்டத்தில் வங்கிக் கணக்கு எண்ணை அடித்துவிட்டு என்டர் தட்டியிருக்கிறாள். எழுதும் கட்டத்தில் நின்று என்டர் தட்டினால், படிவத்தை அனுப்பும் பொத்தான்களில் முதலில் வருவது அழுத்தப்பட்டதாகவே உலாவி கொள்ளும். என் படிவத்தில் முதலில் நின்றது 'ரத்து செய்'. தேடிப் பார்த்ததில் 17 பேருக்கு இப்படி ஆகியிருந்தது. தரவுத்தளத்தில் நிலை மட்டுமே மாறியிருந்ததால் அன்றிரவே 17 விண்ணப்பங்களையும் மீட்டுவிட்டேன்.

கேள்வி மட்டும் மீளவில்லை. அந்த விண்ணப்பங்களை ரத்து செய்தது யார்? கை செய்தது ஒன்று, மனம் கேட்டது வேறு. கணக்கில் எதை ஏற்றுவது?

பெரியபுராணத்தில் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் இடத்தில் மனுநீதிச் சோழன் கதை வருகிறது. இளவரசன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை, கன்று துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. தாய்ப்பசு கொம்பால் ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் பரிகாரம் சொன்னார்கள். அரசன் கேட்கவில்லை, மகன்மேல் தேரைச் செலுத்தினான். அங்கே செயல்தான் கணக்கு. அதே நூலில் சாக்கிய நாயனார் பௌத்தர் கோலத்திலேயே இருந்துகொண்டு நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் கல் எறிகிறார். பார்ப்பவருக்கு அது தாக்குதல். இறைவனுக்கோ பூசை. இங்கே உள்ளம்தான் கணக்கு.

பௌத்தமும் சமணமும் இதை நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றன. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், உடல், சொல், மனம் மூன்றில் எதன் செயல் பெரும் பழிக்குரியது என்ற வழக்கு வருகிறது. நிகண்டர் எனப்படும் சமணர் தரப்பு உடலின் செயல் என்கிறது, புத்தர் மனத்தின் செயல் என்கிறார். அந்த நூலை வைத்துப் பார்த்தால் என் மாணவி குற்றமற்றவள். அவ்வளவில் நிம்மதிதான். ஆனால் ரத்து நடந்தது நடந்ததுதானே? எனக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அவளுக்கும் இல்லை என்றால், அந்தத் தீங்கு யாருடையது?

இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தது சமண நூல்தான். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது கவனமின்மையை முதலில் வைக்கிறது. கவனம் தவறிய நிலையில் உயிருக்கு ஊறு செய்வது இம்சை. எண்ணம், செயல் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று அதைப் படித்தபோதுதான் உறைத்தது. திருக்குறளின் 54-ஆம் அதிகாரமான பொச்சாவாமையும் இதற்கென்றே இருக்கிறது. மறதியை, அசட்டையை வள்ளுவர் அரசியல் பகுதியில் வைத்துப் பேசுகிறார். பலருடைய வாழ்வைக் கையில் வைத்திருப்பவனுக்குக் கவனம் என்பது அறம். படிவம் எழுதுபவளுக்கும் அப்படியே. அந்த ரத்து என்னுடையது.

அதன்பின் ஸ்பிரிங்கை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். ஒரே முகவரி, ஒரே முறை, ஒரே நிபந்தனையோடு இரண்டு மெத்தடுகளை எழுதிப் பாருங்கள். செயலி கிளம்பவே கிளம்பாது. இரண்டில் எது என்று தெரியவில்லை எனப் பிழை சொல்லி நின்றுவிடும். முகவரியே இல்லை என்றால் 404, முகவரி இருந்தும் முறை பொருந்தவில்லை என்றால் 405. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு வாசலில் தள்ளிவிடுவதைவிட இந்த மறுப்பு நேர்மையானது. என் படிவத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. என்டர் தட்டிய கையின் கருத்து என்ன என்று தெரியாத இடத்தில், எல்லாவற்றையும் அழிக்கும் வாசலைத் திறந்து வைத்திருந்தேன்.

மௌனம் சம்மதம் என்கிறோம். படிவத்தில் டிக் செய்யாத கட்டம் எதையுமே அனுப்பாது. 'வேண்டாம்' என்று சொன்னாரா, அந்தக் கேள்வியே அவர் கண்ணில் படவில்லையா என்று சேவையகத்துக்குத் தெரியாது. ஸ்பிரிங்கின் படிவக் குறிகள் இதற்காகவே மறைவான இன்னொரு புலத்தை, பெயருக்கு முன் ஓர் அடிக்கோட்டுடன் கூட அனுப்புகின்றன. கேள்வி கேட்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. கேட்டோம் என்பதற்குச் சாட்சி இல்லாமல் ஒருவருடைய மௌனத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த அடிக்கோட்டிடம்தான்.

தமிழில் அலுவலகத்தில் கொடுப்பதும் விண்ணப்பம், ஆண்டவனிடம் வைப்பதும் விண்ணப்பம். வள்ளலாரின் உரைநடை வேண்டுதலுக்குச் 'சமரச சுத்த சன்மார்க்க சத்தியப் பெருவிண்ணப்பம்' என்று பெயர். ஆழ்வார் பாசுரங்களை அபிநயித்துப் பாடும் அரையர்களுக்கு 'விண்ணப்பஞ்செய்வார்' என்றே பெயர். ஒரே சொல் இரண்டு இடத்திலும் புழங்குவதால், இரண்டிலும் ஒரே நம்பிக்கையோடு மக்கள் வந்து நிற்கிறார்கள். நான் சொல்வதைவிட நான் வேண்டுவது அங்கே கேட்கும் என்ற நம்பிக்கை அது. கல்லைப் பூவாக ஏற்க இறைவனால் முடியும், அவர் உள்ளத்தைப் படிக்கிறார். என்னால் முடியாது. எனக்கு வருவது முகவரி, முறை, சில பெயர்கள், அவ்வளவுதான். உள்ளம் தெரியாதவள் செய்யக்கூடியது, தீர்ப்புக்கு முன் இன்னொரு முறை கேட்பது. அப்பா கடைசிப் பத்தி வரை படித்ததும் அதற்காகத்தான்.

அந்தப் படிவத்தில் இப்போது 'ரத்து செய்' இல்லை. அது தனிப் பக்கத்தில், 'உண்மையிலேயே திரும்பப் பெறுகிறீர்களா?' என்ற கேள்வியோடு இருக்கிறது. படிவம் எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளியிடுவதற்கு முந்தின நாள் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் உங்கள் படிவத்தை ஒருமுறை முழுதாக நிரப்பி, கடைசியில் என்டர் தட்டிப் பாருங்கள்.