யாரையும் தடுக்கவில்லையே!

நண்பர்கள் கூடிப் பேசும் இடத்திலே நீதி, அநீதி என்ற பேச்சுக்கு இடம் உண்டா?

நீதிமன்றத்திலே நீதி கேட்கலாம். சட்டமன்றத்திலே கேட்கலாம். கூலி தரும் ஆலையின் வாயிலிலே நின்று கேட்கலாம். ஆனால் மாலை வேளையிலே நாலு ஓவியர்கள், இரண்டு எழுத்தாளர்கள், ஒரு பாடகர், ஒரு நாடகக்காரர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து கலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அங்கே போய், "இது நியாயமான கூட்டந்தானா?" என்று கேட்டால் நகைக்கமாட்டார்களா? "ஐயா, இது சங்கமல்ல. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை, சட்டதிட்டம் இல்லை. வருகிறவர் வரலாம், போகிறவர் போகலாம். நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே!" என்பார்கள்.

கேட்பதற்கு இனிமையான விடை. நேர்மையாளர்களே மனமாரச் சொல்லும் விடை. ஆயினும், தோழர்களே, இனிக்கும் சொல்லையெல்லாம் உண்மை என்று விழுங்கிவிடுவது பகுத்தறிவாளருக்கு அழகன்று. அந்த விடையை உரைகல்லிலே உரைத்துப் பார்ப்போம்.

உரைப்பதற்கு ஓர் ஊர் வேண்டும். உலகமே கலைநகர் என்று கொண்டாடிய பாரிசை எடுத்துக்கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, பாரிஸ் நகரத்து ஓவியனின் வாழ்வும் தாழ்வும் ஒரே இடத்திலே முடிவு செய்யப்பட்டன. 'சலோன்' என்பது அதன் பெயர். அரசின் ஆதரவோடு நடந்த மாபெரும் ஓவியக் காட்சி. தேர்வுக்குழு ஏற்றுக்கொண்டால் பெயர் உண்டு, வாங்குவோர் உண்டு, தள்ளிவிட்டால் பட்டினிதான். 1863ஆம் ஆண்டு தள்ளப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன, கூக்குரல் எழுந்தது, மூன்றாம் நெப்போலியனே தலையிட்டு, தள்ளப்பட்டவற்றுக்கென்று தனிக்காட்சி ஒன்றை நடத்தும்படி ஆணையிட வேண்டியதாயிற்று. எத்வார் மானேயின் படம் ஊராரின் ஏளனத்துக்கு ஆளானது அந்தக் காட்சியிலேதான்.

ஏளனம் செய்யப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? கூடினார்கள்! பத்திஞோல் பகுதியிலே 'கபே கெர்புவா' என்று ஒரு காப்பிக் கடை. 1860களின் பிற்பகுதியிலே அங்கே மானே வருவார், தெகா வருவார், மோனே, ரெனுவார், பசீய் ஆகிய இளைஞர்கள் வருவார்கள், எழுத்தாளர் எமிலி ஜோலா வருவார். பேச்சு சூடேறும். எவ்வளவு சூடு தெரியுமா? 1870ஆம் ஆண்டு, தம் படங்களைப் பற்றித் துராந்தி என்ற விமரிசகர் எழுதியது போதாது என்று சினங்கொண்ட மானே, அந்தக் கடையிலேயே அவரைக் கன்னத்தில் அறைந்தார். இருவரும் வாளெடுத்துப் பொருதினர். மானேயின் பக்கத்துச் சாட்சியாக நின்றவர் ஜோலா. துராந்திக்குச் சிறு காயம். பிறகு மூவரும் பழையபடி நண்பர்கள்! கலைக்காகச் சண்டையிடவும், சண்டைக்குப்பின் கை குலுக்கவும் பழகிய மேசை அது. அந்தப் பேச்சுகள் அறிவைத் தீட்டின, வாரக்கணக்கில் ஊக்கம் தந்தன என்று மோனே தம் முதுமையை நெருங்கிய காலத்திலே நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

ஆகவே இத்தகைய கூட்டங்கள் வீண் அரட்டை என்று இகழ்வோரோடு நான் சேரமாட்டேன். தூரிகையைத் தனியறையிலே பிடிக்கலாம். ஆனால் ஊரே சிரிக்கும்போது அந்தத் தூரிகையைக் கீழே போடாமலிருக்கும் துணிவு, துணையிருந்தால்தான் வரும்.

அந்தத் துணை யாருக்குக் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை?

பெர்த் மொரிசோ என்று ஓர் ஓவியர். 1841ஆம் ஆண்டு பிறந்தவர். இருபத்து மூன்றாம் வயதிலேயே சலோனில் அவருடைய படங்கள் ஏறிவிட்டன. மானேயின் நண்பர். தெகாவின் நண்பர். மேசையைச் சுற்றியிருந்த எவருக்கும் திறமையிலே குறைந்தவரல்லர். ஆயினும் கெர்புவா கடையில் அவருக்கு நாற்காலி இல்லை. காரணம், அவர் பெண். அதிலும் மதிப்புள்ள குடும்பத்துப் பெண். அத்தகைய பெண் ஆடவர் நிறைந்த காப்பிக் கடையிலே மாலைப் பொழுதிலே போய் உட்கார்ந்தால், மறுநாள் அவள் பெயர் ஊர் வாயிலே அரைபடும். அவர் ஓவியரோடு பேச வேண்டுமென்றால், அன்னை செவ்வாய்தோறும் நடத்திய விருந்துக்கு அவர்கள் வர வேண்டும். அன்னையின் கண்பார்வையில், விருந்தின் நாகரிகத்துக்கு உட்பட்டுத்தான் பேச வேண்டும். அங்கே மேசையைத் தட்டிப் பேசவா முடியும்?

கடைக்காரர் அவரைத் தடுத்தாரா? இல்லை. மானே தடுத்தாரா? இல்லை. "பெண்கள் வரக்கூடாது" என்று பலகை தொங்கிற்றா? அதுவும் இல்லை. யாரும் தடுக்கவில்லை, ஆனால் அவர் வர முடியவில்லை!

இதிலே வேறொரு வேடிக்கையும் உண்டு. வேதனை தரும் வேடிக்கை. ஏழைப் பெண்கள் காப்பிக் கடைகளுக்குள்ளே நுழைய முடிந்தது. சலவைத் தொழிலாளியின் மகள் சுசான் வலாதோன், மோன்மார்த்தர் பகுதியின் கடைகளிலும் ஓவியக் கூடங்களிலும் பழகியவர். ஆனால் எப்படிப் பழகினார்? ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் நிற்கும் கூலிப் பெண்ணாக! நின்றபடியே அவர்கள் கை எப்படி அசைகிறது என்று பார்த்துப் பார்த்து, தாமே வரையக் கற்றுக்கொண்டார். பின்னாளில் தெகாவே அவருடைய படங்களை விலை கொடுத்து வாங்கினார். மானமுள்ளவள் என்பதால் ஒருத்திக்கு வாயில் அடைபட்டது. மானத்தைப் பற்றி ஊர் கவலைப்படாத காரணத்தால் இன்னொருத்திக்குத் திறந்தது, ஆனால் படமாவதற்கு மட்டுமே திறந்தது. இரண்டையும் செய்தது எந்தச் சட்டமும் அல்ல, வழக்கம்!

இங்கேதான் நாம் கருத வேண்டிய உண்மை இருக்கிறது. எழுதப்பட்ட தடையை விட எழுதப்படாத தடை கொடியது.

ஏன் என்கிறீர்களா? அதே பாரிசிலே அரசின் நுண்கலைக் கல்லூரி பெண்களைச் சேர்க்காமல் இருந்தது. அது எழுதப்பட்ட தடை. கண்ணுக்குத் தெரிந்த பூட்டு. தெரிந்த பூட்டை உடைக்கலாம். 1881ஆம் ஆண்டு பெண் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து ஒரு சங்கம் கண்டார்கள். மனுக் கொடுத்தார்கள், வாதாடினார்கள், விடாமல் போராடினார்கள். 1897ஆம் ஆண்டு கல்லூரிக் கதவு திறந்தது. ஆனால் காப்பிக் கடையின் தடையை எதிர்த்து யாரிடம் மனுக் கொடுப்பது? எந்த விதியைத் திருத்தச் சொல்வது? "தடையே இல்லையே!" என்று அவர்கள் வியப்போடு சொல்லும்போது எந்தப் பூட்டைக் காட்டுவது?

"நண்பரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூட எங்களுக்கு இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. நட்பு ஓரவஞ்சனை உடையதுதான்; எல்லோரையும் சமமாக நேசிப்பவன் ஒருவரையும் நேசிக்காதவன். சிரித்துப் பேசிப் பொழுது போக்கும் கூட்டத்திடம் நாம் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த மேசையிலே சிரிப்பு மட்டுமா பரிமாறப்பட்டது? ஜோலா தம் பேனாவை எடுத்து மானேக்காக 1866ஆம் ஆண்டு ஏட்டிலே வாதாடினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையான பசீய், மோனேயின் பெரும் படம் ஒன்றைத் தவணை முறையிலே பணம் கொடுத்து வாங்கி அவரைக் காத்தார்; தம் ஓவியக் கூடத்திலே நண்பர்களுக்கு இடம் தந்தார். பேனா இருந்தது, பணப்பை இருந்தது, இடம் இருந்தது, எல்லாம் அந்த மேசையைச் சுற்றி இருந்தன. பிழைப்புக்கு வழி எங்கே பங்கிடப்படுகிறதோ, அங்கே பங்கு நியாயமா என்று கேட்கும் உரிமையும் பிறந்துவிடுகிறது.

ஆகவே நான் சொல்லும் அளவுகோல் எளியது. இந்தக் கூட்டத்துக்கு வர முடியாததால் ஒருவர் இழப்பது என்ன? ஒரு மாலையின் மகிழ்ச்சி மட்டும் என்றால், அது நட்பு, வாழ்க. பெயரும் தொழிலும் வாய்ப்பும் என்றால், அது நட்பின் உடையணிந்த நிறுவனம். அதற்குக் கடமை உண்டு.

பாரிஸ் கதையின் முடிவு இன்னும் பெரிய பாடம் சொல்கிறது. 1873 டிசம்பரில் அந்த நண்பர்களிற் பலர் பேச்சோடு நில்லாமல், ஓவியர் சிற்பியர் கூட்டுக் கழகம் ஒன்றை அமைத்தார்கள். இதற்கு விதிகள் உண்டு, சந்தா உண்டு. உறுப்பினரின் படங்களைத் தள்ளுவதற்குத் தேர்வுக்குழு மட்டும் இல்லை! 1874 ஏப்ரல் 15ஆம் நாள், நதார் என்ற நிழற்படக்காரரின் பழைய கூடத்திலே முதற்காட்சி திறந்தது. ஏறத்தாழ முப்பது கலைஞர்கள். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. மேசையின் நடுநாயகமாக விளங்கிய மானே அதிலே கலந்துகொள்ள மறுத்துவிட்டார். மேசைக்கே வர முடியாத பெர்த் மொரிசோ கலந்துகொண்டார்! தெகா அவருடைய அன்னைக்குக் கடிதம் எழுதி, அவர் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1886 வரை நடந்த எட்டுக் காட்சிகளில் ஏழில் மொரிசோவின் படங்கள் இருந்தன. வராத ஒன்று, மகள் பிறந்ததை அடுத்து நடந்த காட்சி.

விதியில்லாத கடை அவரை வெளியே நிறுத்தியது. விதியுள்ள கழகம் உள்ளே அமர்த்தியது. விதி என்றாலே விலங்கு என்று எண்ணும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். விதி மட்டும் போதவில்லை என்பதையும் சிந்திக்க வேண்டும். ஒருவர் கடிதம் எழுதி அழைக்க வேண்டியிருந்தது. திறந்த கதவு வேறு, அழைத்த கை வேறு.

அந்த முதற்காட்சியிலே மொரிசோ வைத்த படங்களுள் ஒன்று 'தொட்டில்'. உறங்கும் குழந்தையைப் பார்த்தபடி ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அந்தத் தாய் யார்? மொரிசோவின் தமக்கை எத்மா. அவரும் ஓவியர்! தங்கையோடு சேர்ந்து கற்றவர், தங்கையோடு சேர்ந்து 1864 சலோனில் இடம் பெற்றவர். 1869ஆம் ஆண்டு கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து, ஓவியத் தொழிலை விட்டார். தங்கை காட்சியாளராக வந்த கூடத்திலே, தமக்கை காட்சிப் பொருளாக வந்தார். காண்பவர் தாய்மையின் அழகைப் புகழ்கிறார்கள். நான் தொட்டிலருகே கன்னத்தில் ஊன்றியிருக்கும் அந்தக் கையைப் பார்க்கிறேன். அது தூரிகை பிடித்த கை!

கடைக்குப் போக வழியே இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்கு விடை அமெரிக்காவின் தலைநகரிலே கிடைக்கிறது. 1920களில் வாஷிங்டன் நகரத்தில் கறுப்பின மக்களை வெள்ளையரின் உணவு விடுதிகள் ஏற்பதில்லை. அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1953ஆம் ஆண்டுதான். அந்த நகரத்திலே ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன் என்ற கறுப்பினக் கவிஞர், எஸ் தெருவிலிருந்த தம் வீட்டையே மன்றமாக்கினார். சனிக்கிழமை இரவுகளில் லாங்ஸ்டன் ஹியூஸ் வந்தார், ஜீன் டூமர் வந்தார், ஜோரா நீல் ஹர்ஸ்டன் வந்தார், பேராசிரியர் அலன் லாக் வந்தார். பெயர் பெற்றவரும் பெயர் தேடியவரும், ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள். ஹார்லெம் மறுமலர்ச்சி என்று உலகம் போற்றும் இலக்கிய எழுச்சிக்கு அந்த வீட்டுக் கூடமும் ஒரு விளைநிலம்.

மேசை இல்லாதவர் மேசை செய்துகொண்டார்கள், வணங்குகிறேன். ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி. 1925ஆம் ஆண்டு கணவர் மறைந்தார். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். பகலெல்லாம் அரசாங்க அலுவல். கும்பல் சேர்ந்து கறுப்பினத்தவரை அடித்துக் கொல்லும் கொடுமையை எதிர்த்து அந்த அம்மையார் எழுதிய நாடகங்கள் பல அவர் காலத்திலே மேடையேறவில்லை. ஒரு தலைமுறைக்கே கூடம் தந்தவருக்கு, தம் எழுத்துக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்? விருந்தினர் விடைபெற்றுப் போனபின் கோப்பைகளைக் கழுவியது யார் என்று இலக்கிய வரலாறு எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

தோழர்களே! உங்கள் நகரத்திலும் இன்று இத்தகைய வட்டங்கள் இருக்கின்றன, நீங்களே நடத்துகிறீர்கள். மொட்டை மாடியிலே கவிதை, தேநீர்க் கடையிலே ஓவியம், பூங்காவிலே நாடகப் பேச்சு. மகிழ்கிறேன். மாலைதோறும் பள்ளி மணி அடித்ததும், படம் வரையும் மாணவன் கடைத்தெருப் பக்கம் போவதையும், அவனை விட நன்றாக வரையும் மாணவி வீட்டுப் பக்கம் போவதையும் பார்க்கும் ஆசிரியன் என்ற முறையிலே உங்களிடம் சில கேட்கிறேன்.

இரவு ஒன்பது மணிக்குக் கூடுகிறீர்களே, அந்த நேரத்தைத் தேர்ந்தவர் யார்? ஒரு ஞாயிறு காலையிலே கூடினால் கவிதை கசந்துவிடுமா? ஒரு கோப்பை காப்பிக்கு ஒரு நாள் கூலியில் பாதி போகும் இடத்திலே உட்கார்ந்துகொண்டு, தொழிலாளி ஏன் வரவில்லை என்று கேட்கலாமா? பேருந்து நின்றுபோகும் இடத்திலே கூடினால், சொந்த வண்டி உள்ளவன் மட்டுந்தானே கலைஞன் ஆவான்? கூடுமிடம் ஒருவர் வீடு என்றால், அந்த வீட்டுப் பெண் பேச்சைக் கேட்கிறாளா, அடுக்களையிலே பால் பொங்குவதைப் பார்க்கிறாளா? கோப்பை கழுவும் முறை சுற்றி வருகிறதா?

இவை சிறிய கேள்விகள் என்பீர்கள். நேரம், இடம், காசு, கோப்பை, இவை சிறியவைதாம். ஆனால் பெர்த் மொரிசோவைத் தடுத்தவையும் இத்தகைய சிறியவைதாம்.

அடுத்த கூட்டத்திலே சுற்றிலும் பாருங்கள். வந்திருப்போரை எண்ணுவது எளிது. வராதவர் யார் என்று எண்ணுங்கள். ஏன் வரவில்லை என்று அவரிடமே போய்க் கேளுங்கள். அவர் வரக்கூடிய இடத்துக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போங்கள். "யாரையும் தடுக்கவில்லையே" என்பது குற்றமற்றவன் தரும் வாக்குமூலமாக இருக்கலாம். கடமையைச் செய்தவன் சொல்லும் சொல் வேறு: "உங்களுக்காக இடம் வைத்திருக்கிறோம், வாருங்கள்!"